23 சதவீதத்தில் ஒரு மரணம்

பொத்தேரி ஸ்டேஷனில் என் போன் உயிரை விட்டபோது அதில் 23 சதவீதம் சார்ஜ் இருந்தது.

மனிதர்களும் இப்படிப் போவதுண்டு. “நேத்துகூட நல்லாத்தானே பேசிட்டிருந்தார்” என்பார்கள். ஆனால் அவர்களிடம் யாரும் டிக்கெட் கேட்பதில்லை. என் டிக்கெட் போனுக்குள் இருந்தது. எதிரே டிக்கெட் பரிசோதகர் இருந்தார்.

“சார், இப்பத்தான் பார்த்தேன்... 23 இருந்தது...”

“எல்லாரும் அதைத்தான் சார் சொல்றாங்க” என்றார். அவர் மேல் தப்பில்லை. டிக்கெட்டைக் காட்ட வேண்டியது பயணியின் பொறுப்பு. 2015 ஏப்ரலில் எழும்பூர் - தாம்பரம் தடத்தில் காகிதமில்லா டிக்கெட் அறிமுகமானபோது கைதட்டி வரவேற்றவர்களில் நானும் ஒருவன். இப்போது தாம்பரத்திலிருந்து பொத்தேரிக்குச் சில்லறைக் காசு டிக்கெட்டுக்காக அபராதம் 250 ரூபாய், ரயில் கட்டணம் தனி. ரசீது மட்டும் காகிதத்தில் கொடுத்தார்கள்.

ரசீதை மடிக்கும்போது பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன், “அங்கிள், பவர்பேங்க் வேணுமா?” என்றான். ஒயரைச் செருகியதும் போன் கண்விழித்தது. ‘எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்கிற மாதிரி 21 சதவீதம் காட்டியது. டிக்கெட்டையும் காட்டியது.

“பழைய பீஸ் அங்கிள், மாத்திருங்க.”

எனக்கு அப்போது வயசு முப்பத்தஞ்சு. 250 ரூபாய்கூடப் பரவாயில்லை, அந்த ‘அங்கிள்’தான் ராத்திரி தூங்க விடவில்லை.

இது நடந்தது 2024 ஜூலையில். போன் 2019 டிசம்பரில், கொரோனாவுக்குச் சற்று முன்னால், 13,000 ரூபாய்க்கு வாங்கியது. பொத்தேரியில் குடியிருந்துகொண்டு பழைய போன் வைத்திருப்பது தனிக் கஷ்டம். எஸ்.ஆர்.எம். வாசலில் எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் சுற்றிலும் இருபது போன், எல்லாம் முதுகில் மூன்று கண் வைத்தவை. நடுவில் என்னுடையதை எடுத்தால், மாப்பிள்ளை ஊர்வலத்தில் சைக்கிளில் போகிற மாதிரி இருக்கும்.

“ஏங்க, ஆடித் தள்ளுபடி போட்டிருக்கான். ஒண்ணு வாங்கிடுங்களேன்” என்றாள் என் மனைவி. ‘ஒண்ணு’ என்ன விலை என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பத்திரிகைக்கு எழுதிப் பிழைப்பவன் நான். எந்தச் செலவையும் கட்டுரையாக மாற்றிப் பார்ப்பது வழக்கம். வாடகை ஐந்து கட்டுரை. காஸ் சிலிண்டர் அரைக் கட்டுரைக்கும் கீழே. டீக்கடைப் பையன்கள் வைத்திருந்த ரகத்தில் ஒரு போன் முப்பது கட்டுரை. முப்பது கட்டுரைக்கு விஷயம் எங்கே போவது என்ற பயமே என்னைப் பல ஷோரூம்களிலிருந்து காப்பாற்றியிருக்கிறது.

ஆனாலும் தாம்பரத்தில் ஒரு கடைக்குள் நுழைந்துவிட்டேன். டை கட்டிய தம்பி 30,000 ரூபாய் போன் ஒன்றைக் கையில் வைத்து, “நோ காஸ்ட் இ.எம்.ஐ. சார். மாசம் 5,000, ஆறு மாசம். வட்டியே கிடையாது” என்றான்.

நான் பி.காம். படித்தது இந்த மாதிரி சமயத்துக்குத்தான். பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. அப்புறம் இது எப்படி? வட்டி உண்டு, அந்த வட்டித் தொகையைத் தள்ளுபடியாக முதலிலேயே விலையில் கழித்துவிடுகிறார்கள். வருஷத்துக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் பெயரில் கடன் 28,730 ரூபாய், வட்டி 1,270. ஆறு ஐயாயிரம் முப்பதாயிரம், கணக்கு சரி. ஆனால் அந்த 1,270க்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உங்கள் தலையில்: 229 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 199 என்றால் அதற்கும் ஜி.எஸ்.டி. சேர்த்து 235. ஆக, ‘நோ காஸ்ட்’டின் காஸ்ட் 464 ரூபாய்.

(நான் ஜி.எஸ்.டி. ரோடு பக்கத்தில் குடியிருப்பவன். அந்த ஜி.எஸ்.டி. வெள்ளைக்காரன் வைத்த கிராண்ட் சதர்ன் டிரங்க். இந்த ஜி.எஸ்.டி., செல்போனுக்கு 2020 ஏப்ரலில் 12லிருந்து 18 சதவீதமானது. இரண்டிலும் நெரிசல் அதிகம்.)

464 ரூபாய் போனால் போகிறது. தவணை என்று வந்ததும் 15,000 ரூபாய்க்குப் போன ஆள் 30,000 போனைத் தடவிக்கொண்டு நிற்கிறான் பாருங்கள், இடி அங்கேதான் விழுகிறது. நானும் தடவினேன். வழவழப்பாகத்தான் இருந்தது. “வீட்ல கேட்டுட்டு வர்றேன்” என்று வெளியே வந்துவிட்டேன். ஆண்களுக்கு மனைவியால் கிடைக்கும் பேருதவிகளில் இந்த வாக்கியமும் ஒன்று.

எங்கள் வீட்டுக்குக் கீழ் போர்ஷனில் நாலைந்து பெண்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறார்கள். மஹிந்திரா வேர்ல்டு சிட்டிப் பக்கம் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை. கம்பெனி பஸ் ஜி.எஸ்.டி. ரோட்டில் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்த வேர்ல்டு சிட்டியில்தான் தைவானின் பெகாட்ரான் கம்பெனி 2022 செப்டம்பரில் ஐபோன் ஆலையைத் திறந்தது. 2025 ஜனவரியில் அதில் 60 சதவீதப் பங்கை டாடா எலக்ட்ரானிக்ஸ் வாங்கியது. பொத்தேரியில் ரயில் ஏறினால் காட்டாங்குளத்தூர், மறைமலைநகர், சிங்கப்பெருமாள் கோவில், பரனூர்... நாலாவது ஸ்டேஷன். உலகமே வரிசையில் நின்று வாங்கும் வஸ்து நம்ம செங்கல்பட்டு ரயில் ரூட்டில் தயாராகிறது என்பது டீக்கடைப் பையன்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

கீழ் வீட்டுப் பெண்களில் ஒருத்தி, திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண், போன் அசெம்பிளி லைனில் வேலை பார்ப்பவள். படிக்கட்டில் உட்கார்ந்து அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த போனின் ஓரத்தில் கண்ணாடி விரிந்து, செல்லோடேப் ஒட்டியிருந்தது.

“ஏம்மா, நாள் முழுக்கக் கையில புதுசு புதுசா ஓடுதே. ஆசை வராதா?”

சிரித்தாள். “பலகாரக் கடையில வேலை பார்க்கிறவங்க பலகாரமா சாப்பிடுறாங்க, அண்ணா? தங்கச்சிக்குக் காலேஜ் ஃபீஸ் இருக்கு. இதுல வாட்ஸ்அப் வருது, ஜி-பே வருது. நின்னு நின்னு போச்சு, போன வருஷம் பேட்டரி மாத்தினேன். நீங்க மாத்தினீங்களா?”

மாத்தவில்லை. நாலரை வருஷத்தில் ஒரு தடவைகூட அது தோன்றவில்லை. ஸ்கூட்டருக்கு ரெண்டு பேட்டரி மாற்றிய ஆள்தான் நான்.

மறுநாள் கூடுவாஞ்சேரியில் ஒரு சர்வீஸ் கடை. ரெண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ரோட்டில் நிற்க வேண்டிய அகலம். தம்பி போனைச் சூடுகாட்டி முதுகைக் கழற்றினான்.

“பாருங்க சார், உப்பியிருக்கு. நல்லவேளை வந்தீங்க. இதுல குத்துப்பட்டா புகைஞ்சிரும்.”

அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. லோக்கல் பேட்டரி 700, கம்பெனி பேட்டரி 1,450, ரெண்டு நாள் ஆகும். “லோக்கல் போட்டா எனக்கு நல்லது சார். ஆறு மாசத்துல திரும்ப வருவீங்க” என்றான். இவ்வளவு நேர்மையாக ஒரு வியாபாரி பேசினால் 1,450 கொடுக்காமல் என்ன செய்வது?

23 சதவீத மரணத்துக்கு அவன் சொன்ன காரணத்தை என் பாஷையில் சொல்கிறேன். மாடியில் டேங்க் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. ஆனால் குழாய்க்குள் துரு. மெதுவாகத் திறந்தால் வரும். குளிக்க ஷவரை முழுசாகத் திறந்தால் காற்றுத்தான் வரும். லித்தியம் பேட்டரி வயசாக ஆக, கொள்ளளவு குறைவதோடு உள்ளே மின்தடையும் ஏறுகிறது. சும்மா இருக்கும்போது தாங்கும். கேமராவையோ டிக்கெட் ஆப்பையோ திறந்ததும் போன் திடீரென்று அதிகக் கரண்ட் கேட்கிறது. மின்னழுத்தம் சரிகிறது. போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. சுமார் 500 முறை முழுசாகச் சார்ஜ் ஏறி இறங்கினால் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும் என்பது ஐபோன்களுக்கே ஆப்பிள் வெகுநாள் சொல்லிவந்த கணக்கு. (ஐபோன் 15 முதல் அது 1,000 முறை.) என்னுடையது நாலரை வருஷத்தில் எத்தனை முறை ஏறி இறங்கியதோ, பாவம்.

இதே மின்னழுத்த விவகாரத்தில்தான் ஆப்பிளே 2017 டிசம்பரில் மாட்டிக்கொண்டது. பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்கள் திடீரென்று அணையாமலிருக்க, அவற்றின் வேகத்தைச் சாஃப்ட்வேர் மூலம் குறைத்திருப்பதாக ஒப்புக்கொண்டார்கள். ‘போன் கிழடு தட்டிப்போச்சு’ என்று புதுசு வாங்கியவர்கள் கொதித்துப்போனார்கள். சமாதானமாக 2018 முழுக்க பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக்கினார்கள். அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2019 ஜனவரியில் கம்பெனித் தலைவர் டிம் குக் முதலீட்டாளர்களுக்குக் கடிதம் எழுதினார். எதிர்பார்த்த வருமானம் வராது என்று. முக்கியக் காரணமாகச் சீனாவைச் சொன்னார். கூடவே, மக்கள் மலிவாகப் பேட்டரி மாற்றிக்கொண்டதையும் ஒரு காரணமாகச் சேர்த்திருந்தார்! கூடுவாஞ்சேரி தம்பிக்குத் தெரிந்தது கலிஃபோர்னியாவில் பட்ஜெட்டையே அசைத்திருக்கிறது.

பேட்டரி மாறியது. அந்தத் தம்பி, “சார், உள்ளே இடமே இல்லை. அதான் இழுக்குது” என்றும் சொல்லியிருந்தான். போனின் சேமிப்பு இடம் விளிம்புவரை நிரம்பினால் எழுதவும் அழிக்கவும் திணறும். எனக்குள்ளே, மன்னிக்கவும், என் போனுக்குள்ளே 11 ஜி.பி. ‘குட்மார்னிங்’ இருந்தது. ரோஜாப்பூ, சூரியோதயம், பெரியப்பா அனுப்பிய விநாயகர். எல்லாம் அழித்தேன். (விநாயகரை மட்டும் ஒன்று வைத்துக்கொண்டேன்.) மறுநாள் காலை ஆறு மணிக்குச் சார்ஜரை உருவினேன், ராத்திரி ஒன்பதுக்கு 31 இருந்தது. அபராதம் கட்டிய அதே பிளாட்பாரத்தில் பரிசோதகரைத் தேடிப்போய்க் காட்டலாமா என்றிருந்தது.

இப்படியே 14 மாதம் ஓடியது. இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் ‘பழசே சிறப்பு’ என்று நீதி சொல்லியிருக்கலாம். விதி விடவில்லை. 2025 செப்டம்பரில் ஒரு காலை, என் வங்கியின் ஆப் திறக்க மறுத்தது. ‘உங்கள் சாதனத்தின் பாதுகாப்புப் பதிப்பு பழையது.’

இதற்குக் கூடுவாஞ்சேரியில் வைத்தியம் இல்லை. போன் சாஃப்ட்வேரில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். கம்பெனி அவ்வப்போது ஒட்டுப் போட்டு அனுப்பும். அதைத்தான் அப்டேட் என்கிறோம். என் போனுக்கு ஒட்டு வருவது எப்போதோ நின்றிருந்தது, நான் கவனிக்கவில்லை. கேமரா மங்கினால் கண்ணுக்குத் தெரிகிறது. கதவின் தாழ்ப்பாள் போனது தெரிவதில்லை. கட்டுரைப் பணம் மொத்தமும் வந்து விழுகிற கணக்கை அப்படித் திறந்த வீட்டில் வைக்க எனக்குத் தைரியமில்லை. வீட்டில் கேட்டுட்டு வர்றேன் என்று சொல்லவும் முடியவில்லை. வாங்க வேண்டியதுதான்.

இந்த முறை கேள்வியை மாற்றிக் கேட்டேன்: “இதுக்கு எத்தனை வருஷம் அப்டேட் வரும்?” மெகாபிக்சலை மனப்பாடமாகச் சொன்ன கடைத் தம்பி, உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தான். 2023ல் வந்த கூகுள் பிக்ஸல் 8, 2024ல் வந்த சாம்சங் எஸ் 24 ஆகியவற்றுக்கு ஏழு வருஷம் என்று கம்பெனிகளே வாக்குக் கொடுத்திருக்கின்றன. விலையும் அதற்கேற்ற உயரம். ஐரோப்பிய யூனியன் 2025 ஜூன் 20 முதல் சட்டமே போட்டுவிட்டது: ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருஷம் அப்டேட், 800 தடவை சார்ஜ் ஏறி இறங்கினாலும் பேட்டரி 80 சதவீதம் தாங்க வேண்டும். நான் புரட்டிப் பார்த்த பெட்டிகளில் எத்தனை ஜி.பி. என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எத்தனை வருஷம் என்று எதிலும் இல்லை.

முந்தின வருஷத்து மாடல் ஒன்று, 18,500 ரூபாய், ரொக்கம். பெட்டிக்குள் சார்ஜர் இல்லை! அது தனியாக 1,200. டெம்பர்டு கிளாஸ், கவர் 400. பழசை எக்ஸ்சேஞ்சுக்கு 900 ரூபாய் என்றார்கள், கொடுக்கவில்லை. வங்கி சமாசாரம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மதுராந்தகத்தில் பட்டன் போன் வைத்திருந்த அம்மாவுக்குக் கொடுத்தேன். வீடியோவில் பேரன் முகம் தெரிந்ததும், “இவ்வளவு நல்லாயிருக்கே, இதை ஏண்டா மாத்தினே?” என்றாள்.

எப்படி இருக்கிறது புதுசு? முதல் மூன்று நாள் ஜாலி. தொட்டால் திறக்கிறது, ராத்திரியில் எடுத்த படத்தில் ஆள் அடையாளம் தெரிகிறது. நாலாவது நாள், அதே பெரியப்பா, அதே விநாயகர். டீக்கடையில் வேண்டுமென்றே மேஜை மேல் வைத்துப் பார்த்தேன், ஒரு பையன்கூடத் திரும்பவில்லை. நிம்மதி என்றால் வங்கி ஆப் திறப்பதில்தான். அது நிஜமான நிம்மதி.

கணக்கும் போட்டேன். பழசு: 13,000, பேட்டரி 1,450, ஆக 14,450. 69 மாதம் ஓடியது, மாதத்துக்கு 209 ரூபாய். புதுசு மொத்தம் 20,100. இதையும் 69 மாதம் ஓட்டினால் மாதம் 291. அங்கிள் என்று எவனாவது சொன்னான் என்று ரெண்டே வருஷத்தில் மாற்றினால் மாதம் 837. பேட்டரி மாற்றும் தேதியைக் காலண்டரில் இப்போதே குறித்துவிட்டேன்.

போன வாரம் படிக்கட்டில் கீழ் வீட்டுப் பெண் நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பி நின்றாள். “புது போனாண்ணா?” என்று கேட்ட முதல் ஆள் அவள்தான். சந்தோஷமாக நீட்டினேன். ஸ்க்ரீனை அவள் பார்க்கவேயில்லை. கவரைக் கழற்றி, கண்ணாடியும் ஃபிரேமும் சேரும் விளிம்பில் கட்டைவிரல் நகத்தால் நாலு பக்கமும் ஒரு ஓட்டு ஓட்டினாள்.

“ஃபிட்டிங் நல்லா இருக்குண்ணா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு ஓடினாள்.