மணலி பங்கு: மலிவாகத் தெரிந்த நாளில்தான் விலை அதிகம்

 2024-25 நிதியாண்டின் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய 2025 செப்டம்பர் 15 வரை கெடு நீட்டிக்கப்பட்டது. அந்த நாட்களில் சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் ஒரே பங்கின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது: சென்னை பெட்ரோலியம், நம் வாய்வழக்கில் மணலி ரிஃபைனரி. 2024 ஜூலையில் அந்தப் பங்கு 1,200 ரூபாயைத் தாண்டியபோது வாங்கியவர்கள் பலர், 2025 மார்ச் தொடக்கத்தில் அது 450-க்கும் கீழே போனதும் பயந்து விற்றிருந்தார்கள். அந்த நஷ்டத்தைக் கணக்கில் எப்படிக் காட்டுவது, இப்போது திரும்ப வாங்கலாமா என்று இரண்டு கேள்விகளையும் ஒரே கடிதத்தில் கேட்டார்கள்.

வரி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஓராண்டுக்குள் வாங்கி விற்றதில் வந்த நஷ்டத்தை, குறுகிய கால லாபம், நீண்ட கால லாபம் இரண்டிலும் கழித்துக்கொள்ளலாம். மிச்சத்தை எட்டு ஆண்டுகள்வரை எடுத்துச் செல்லலாம், ஆனால் கெடுவுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். பென்ஷன்காரர்கள் பழக்கத்தில் ஐ.டி.ஆர்.-1 படிவத்தையே நிரப்புகிறார்கள். நஷ்டத்தை எடுத்துச் செல்ல அதில் இடம் கிடையாது; ஐ.டி.ஆர்.-2 வேண்டும்.

இரண்டாவது கேள்வி சுலபமானதல்ல. கடிதம் எழுதியவர்களில் பலரும் ஒரே காரணத்துக்காகத்தான் வாங்கியிருக்கிறார்கள்: "பி.இ. ஐந்து, ஆறுதான் இருந்தது. அவ்வளவு மலிவான பங்கு எப்படி விழும்?"

2023-24-இல் நிறுவனத்தின் நிகர லாபம் சுமார் 2,700 கோடி ரூபாய். பங்குகள் ஏறக்குறைய 14.9 கோடி. ஆக ஒரு பங்குக்கு 180 ரூபாய்க்கு மேல் லாபம். விலை 1,000 என்றால் பி.இ., அதாவது ஒரு பங்கின் லாபத்தைப் போல் விலை எத்தனை மடங்கு என்பது, ஐந்தரை. கூடவே பங்குக்கு 55 ரூபாய் டிவிடெண்ட். அடுத்த ஆண்டே லாபம் 200 கோடியைச் சுற்றிச் சுருங்கியது, டிவிடெண்ட் 5 ரூபாய் ஆனது. அந்த லாபத்தை வைத்துப் பார்த்தால் 450 ரூபாயில்கூட பி.இ. முப்பதைத் தாண்டுகிறது. 1,000-த்தில் மலிவாகவும் 450-இல் கிராக்கியாகவும் தெரிந்த பங்கு இது. சோப்பு, பிஸ்கட் கம்பெனிக்குப் பயன்படும் அளவுகோல், ரிஃபைனரியில் தலைகீழாகத்தான் வேலை செய்யும்.

காரணம் ஒரு டாலர். கச்சா எண்ணெயின் விலைக்கும் அதிலிருந்து வரும் டீசல், பெட்ரோல், விமான எரிபொருளின் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பீப்பாய்க்கு இத்தனை டாலர் என்று சொல்வார்கள். அதுதான் ரிஃபைனரி மார்ஜின். மணலி ஆலையின் ஆண்டுத் திறன் 105 லட்சம் டன், அதாவது ஏறத்தாழ 7.7 கோடி பீப்பாய். மார்ஜின் ஒரே ஒரு டாலர் இறங்கினால், டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால், 650 கோடி ரூபாய் போச்சு. வரிக்கு முன் பங்கு ஒன்றுக்கு 44 ரூபாய். சம்பளம், பராமரிப்பு, வட்டி எல்லாம் அப்படியே நிற்கும். இறங்குவது முழுக்க லாபத்திலிருந்து இறங்கும். 2023-24-இல் சுமார் எட்டரை டாலராக இருந்த மார்ஜின் அடுத்த ஆண்டு நாலேகால் டாலருக்கு வந்தது.

இந்த ஒரு டாலர் மணலியில் யார் கையிலும் இல்லை. விலைக்கு அளவுகோல் சிங்கப்பூர் சந்தை. 2022-இல் உக்ரைன் போரால் டீசலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான ஒரே காலாண்டில் மணலி 2,300 கோடிக்கு மேல் சம்பாதித்தது. பிறகு நைஜீரியாவில் நாளொன்றுக்கு ஆறரை லட்சம் பீப்பாய் திறன் கொண்ட டங்கோட்டே ஆலை 2024-இல் ஓடத் தொடங்கியது, வேறு புது ஆலைகளும் சேர்ந்தன, வித்தியாசம் சுருங்கியது. மணலியிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குக் குழாயில் வரும் விமான எரிபொருளில் குறையொன்றும் இல்லை. அதே சரக்கை எல்லோரும் விற்கும்போது தரத்துக்குத் தனி விலை கிடைப்பதில்லை.

ஆகவே 'வரலாறு காணாத உற்பத்தி' என்ற அறிவிப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். எத்தனை டன் ஓடியது என்பதைவிட டன்னுக்கு என்ன மிஞ்சியது என்பதே கேள்வி. அறிவிக்கும் மார்ஜினையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கச்சா கப்பலில் வந்து, தொட்டியில் இருந்து, டீசலாகி விற்பதற்குள் வாரங்கள் ஓடிவிடும். இடையில் விலை இறங்கினால் சரக்கு நஷ்டம், ஏறினால் சரக்கு லாபம். இரண்டுமே மார்ஜினுக்குள் கலந்துவிடும். இறங்கும்போது அதை வெளிச்சம் போட்டுக் காட்டும் நிறுவனங்கள், ஏறும்போது திறமையின் கணக்கில் சேர்த்துக்கொள்வதை இந்தத் துறையில் பார்க்கலாம். கச்சா விலை சரிந்த 2024 ஜூலை-செப்டம்பர் காலாண்டில் மணலிக்கு 600 கோடிக்கு மேல் நஷ்டம்.

அப்படியானால் எதை வைத்து மதிப்பிடுவது? நல்ல ஆண்டையும் கெட்ட ஆண்டையும் சேர்த்துச் சராசரி பாருங்கள். 2018-19 முதல் 2024-25 வரை ஏழு ஆண்டுகள்: 2019-20-இன் 2,000 கோடி நஷ்டமும் உண்டு, 2022-23-இன் 3,500 கோடி லாபமும் உண்டு. சராசரி ஆண்டுக்கு சுமார் 800 கோடி, பங்குக்கு 55 ரூபாய். இந்த அளவுகோலில் 1,200 ரூபாய் என்பது 22 மடங்கு, 450 என்பது எட்டு மடங்கு. படம் நேராகிவிட்டது. கோவிட், போர் இரண்டுமே இந்த ஏழு ஆண்டுகளுக்குள் அடங்குவதால், இதை ஓரளவு நம்புகிறேன்.

அடுத்து, யார் கடையை மூடுகிறார்கள் என்று பாருங்கள். ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் ஆலை 2025 ஏப்ரலில் சுத்திகரிப்பை நிறுத்திவிட்டது. அமெரிக்காவின் ஹூஸ்டனிலும் ஓர் ஆலை அதே ஆண்டு மூடப்பட்டது. இந்தத் தொழிலில் மார்ஜின் மீள்வது பெரும்பாலும் இப்படித்தான். பங்கு விலையின் வரைபடத்தைவிட இந்தச் செய்திகளுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

மற்றக் கேள்விகள்:

55 ரூபாய் டிவிடெண்ட் திரும்ப வருமா? மார்ஜின் எட்டு டாலருக்கு மேல் நிலைத்தால் வரலாம். அதை நம்பி மாதச் செலவைத் திட்டமிடாதீர்கள்.

இந்தியன் ஆயில் பாதிக்கு மேல் வைத்திருப்பதால் பாதுகாப்புதானே? ஆலைக்குப் பாதுகாப்பு, நீங்கள் வாங்கிய விலைக்கு அல்ல.

நாகப்பட்டினம் ஆலை? 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட 90 லட்சம் டன் திட்டம், அப்போதைய மதிப்பீடே 31,000 கோடிக்கு மேல். நல்ல ஆண்டுகளின் பணம் எங்கே போகும் என்று ஒவ்வொரு ஆண்டறிக்கையிலும் தேடிப் பாருங்கள்.

எண்ணூர் எண்ணெய்க் கசிவு? 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலி ஆலையிலிருந்து பரவிய எண்ணெயால் கழிமுக மீனவர்கள் இழந்தது பங்கு விலையில் தெரியவில்லை; வாங்குகிறவர் அதையும் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

1,200-இல் வாங்கியதை, குறைந்த விலையில் மேலும் வாங்கி ஆவரேஜ் செய்யலாமா? பழைய விலையை மறந்துவிட்டு, இன்று புதிதாக வாங்குவீர்களா என்று மட்டும் கேளுங்கள்.

700 ரூபாயில் வாங்கலாமா? 2025 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் மறுபடி சிறு நஷ்டம் வந்தது. 700 ரூபாய் என்றால் சராசரி லாபத்தைப் போல் 13 மடங்கு. அந்த விலையில் நான் அவசரப்பட மாட்டேன்.