8 ஜிபி என்று எழுதினால் 32 டிபி ஆகிவிடும்: லினக்ஸ் மெமரி அளவில் அலகுக் குழப்பம் ஏன்?

சர்வரில் ஆரக்கிள் போன்ற டேட்டாபேஸை நிறுவும்போது, லினக்ஸ் கெர்னலில் சில எண்களை மாற்றச் சொல்வார்கள். அதில் 2 பெயர்கள் ரொம்ப முக்கியம்: ஷம்மேக்ஸ், ஷம்ஆல். இரண்டுமே பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் மெமரிக்கான உச்சவரம்பு. ஆனால் அலகு வேறு வேறு. பலரும் சறுக்குவது இங்கேதான்.

என்ன வித்தியாசம்?

ஷம்மேக்ஸ் என்பது ஒரு துண்டு மெமரி எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பது. இது பைட்டில். ஷம்ஆல் என்பது எல்லாத் துண்டுகளும் சேர்ந்து எவ்வளவு என்பது. இது 'பேஜ்' கணக்கில். வழக்கமான இன்டெல், ஏஎம்டி சர்வர்களில் ஒரு பேஜ் 4,096 பைட்.

ஏன் இப்படி?

புரோகிராம் மெமரி கேட்பது பைட்டில். கெர்னல் அதைப் பிரித்துக் கொடுப்பதோ பேஜ் பேஜாக. ஒரு துண்டுக்கான வரம்பு கேட்பவரின் கணக்கிலும், மொத்த வரம்பு கொடுப்பவரின் கணக்கிலும் அமைந்துவிட்டன.

மாற்றிப் போட்டால்?

8 ஜிபி என்பது 8589934592 பைட். பேஜ் கணக்கில் 2097152. பைட் எண்ணை ஷம்ஆலில் போட்டால் வரம்பு 32 டிபி ஆகிவிடும். எர்ரர் எதுவும் வராது. வரம்பு இருந்தும் இல்லாத மாதிரிதான். பேஜ் எண்ணை ஷம்மேக்ஸில் போட்டால் வெறும் 2 எம்பிதான் கிடைக்கும். பெரிய துண்டு கேட்கும் டேட்டாபேஸ் ஸ்டார்ட்டே ஆகாது.

ஷம்எம்என்ஐ என்று இன்னொன்றும் உண்டு. அதன் வழக்கமான மதிப்பு 4096. அதைப் பேஜ் அளவு என்று நினைத்துவிடக் கூடாது. அது எத்தனை துண்டுகள் என்ற எண்ணிக்கை மட்டுமே.

இதெல்லாம் பழைய கதை இல்லையா?

பாதி உண்மை. 2014-ல் வந்த லினக்ஸ் 3.16 இந்த வரம்புகளை மிகப் பெரிதாக உயர்த்திவிட்டது. ஆனால் பழைய வழிகாட்டியிலிருந்து காப்பி அடித்த எண், புது சர்வரிலும் வரம்பைக் குறைத்துவிடும். சில ஏஆர்எம் சர்வர்களில் பேஜ் 64 கேபி. அங்கே அதே 2097152 என்பது 128 ஜிபி!

பாஷ் ஷெல்லில் 'யூலிமிட்' கமாண்ட் மெமரி வரம்பை கேபியில் எடுத்துக்கொள்ளும். அதன் பின்னால் இருக்கும் கெர்னல் அழைப்புக்கோ பைட். குபர்னெட்டீஸில் 512-க்குப் பின் பெரிய 'எம்' போட்டால் 51.2 கோடி பைட். சின்ன 'எம்' போட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று அர்த்தம். கிடைப்பது அரை பைட் சொச்சம்!

என்ன செய்யலாம்?

முதலில் 'கெட்கான்ஃப்' கமாண்டில் பேஜ் அளவைப் பாருங்கள். தேவையான பைட்டை அதால் வகுத்து ஷம்ஆலில் போடுங்கள். கான்ஃபிக் ஃபைலில் எண்ணுக்கு மேல் வரியில் அலகையும் கமென்ட்டாக எழுதி வையுங்கள். நாளை அதைத் திறப்பவர் வேறு யாராகவோ இருக்கலாம்.