பேர் சொல்லும் பாட்டு

நியூசிலாந்தின் கிழக்குக் கரையில், கிஸ்போர்ன் நகரிலிருந்து ஓப்போத்திகி வரை கடலை ஒட்டி வளைந்து போகும் நெடுஞ்சாலைக்கு எண் 35. 2021இல் ராப் ருஹா என்ற மாவோரிப் பாடகரும் ‘கா ஹாவோ’ என்ற இளைஞர் குழுவும் அந்த எண்ணையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டு வெளியிட்டார்கள். டிக்டாக்கில் அது கடல் கடந்து பரவியது. மாவோரி மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாத பிள்ளைகள் அதற்கு ஆடினார்கள். கேட்கத் துள்ளலாக இருக்கும் அந்தப் பாட்டு செய்வதோ மிகப் பழைய வேலை: இது எங்கள் கரை, நாங்கள் இந்த மண்ணின் மக்கள் என்று ஊரறியச் சொல்கிறது. மாவோரிப் பாட்டு அன்றும் இதைத்தான் செய்தது. இடையில் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அந்த வேலை முடங்கிக் கிடந்தது.

அன்று

ஐரோப்பியர் வருவதற்கு முன் மாவோரிகளிடம் எழுத்து இல்லை. யார் யாருக்கு உறவு, எந்த மலை எந்தக் குலத்துக்கு உரியது, எந்தப் போரில் யார் விழுந்தார் என்பதெல்லாம் பாட்டில்தான் இருந்தன. ‘மோத்தேயாத்தேயா’ என்று அவர்கள் சொல்லும் பழம்பாடல்களில் ஒப்பாரி உண்டு, காதல் உண்டு, வசைக்கு எதிர்வசை உண்டு. தாலாட்டுக்கு ‘ஒரியோரி’ என்று பெயர். குழந்தையைத் தூங்க வைக்கும் சின்னப் பாட்டு என்று எண்ணிவிடக் கூடாது. முன்னோர் வந்த படகு எது, பாட்டன் முப்பாட்டன் யார், வளர்ந்தபின் யாருடைய சாவுக்குப் பழிவாங்க வேண்டும் என்பதுவரை குழந்தையின் காதில் ஓதும் நீண்ட பாட்டு அது.

இந்தப் பாடல்களின் இசை ஐரோப்பியக் காதுக்குப் பிடிபடவில்லை. சில சுரங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். கூட்டமாகப் பாடினாலும் எல்லோரும் ஒரே மெட்டையே ஒன்றாகப் பாடுவார்கள். ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் இழுத்துப் பிடித்துக்கொள்வார். பாட்டு நடுவில் அறுந்தால் அது கெட்ட சகுனம். சொற்களில் பிழை விடுவதும் அப்படித்தான். முன்னோர் பெயரைத் தவறவிட்ட பாட்டு எதற்கு ஆகும்?

கருவிகளும் பாட்டை ஒட்டியே நடந்தன. ‘கோவாவ்’ என்பது ஒரு சாண் நீளம்கூட இல்லாத குழல். மரத்தில் செய்வார்கள், அல்பட்ராஸ் பறவையின் எலும்பில் செய்வார்கள், மனித எலும்பிலும் செய்வார்கள். மூன்றே துளை. பாடுகிறவர் குரலோடு அதே மெட்டில் அதை ஊதுவார்கள். ‘பூத்தாத்தரா’ சங்கு, அதன் நுனியில் மரத்தாலான வாய்ப்பகுதி பொருத்தியிருக்கும். ‘பூரேரேஹுவா’ கயிற்றில் கட்டிச் சுழற்றும் தட்டை. சுழலச் சுழல அடிவயிற்றில் அதிரும் ஒலி எழும்.

இவற்றுள் உலகில் வேறெங்கும் இல்லாதது ‘பூத்தோரினோ’. ஒரு கட்டையைக் கதிர்வடிவில் செதுக்கி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உள்ளே குடைந்து, மறுபடி சேர்த்து நாரால் இறுக்கிக் கட்டுவார்கள். நடுவே அகன்று இரு முனையிலும் குறுகும் அந்த வடிவம், கூட்டுக்குள் வாழும் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டைப் போன்றது. அந்த இனத்தில் பெண்பூச்சி கூட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை. குழலிசையின் தேவி ஹினே ரவுகத்தவுரி, தன் குழல்மேல் கொண்ட ஆசையால் அதற்குள்ளேயே குடிபுகுந்து அந்தப் பூச்சியானாள் என்பது மாவோரிக் கதை. ஒரே கருவியைக் கொம்பு போல ஊதினால் ஆண்குரல். புல்லாங்குழல் போல ஊதினால் பெண்குரல்.

இடையில்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் வந்தார்கள். தேவாலயப் பாட்டின் அகன்ற சுரவரிசையும் பலகுரல் அடுக்கும் மாவோரிக் குடியிருப்புகளில் நுழைந்தன. பழைய பாட்டு ‘அஞ்ஞானிகளின் முனகல்’ ஆயிற்று. 1860களில் நிலத்துக்கான போர்கள் நடந்தன. 1867இல் மாவோரிப் பிள்ளைகளுக்கான பள்ளிச் சட்டம் வந்தது. அந்தப் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி. தாய்மொழி பேசியதற்காக அடி வாங்கிய தலைமுறைகள் உண்டு. 1896இல் மாவோரிகளின் தொகை ஏறக்குறைய 42,000 ஆகச் சுருங்கியது. 1907இல், சடங்கும் மருத்துவமும் அறிந்த ‘தொஹுங்கா’க்களின் தொழிலை ஒடுக்க ஒரு சட்டம் வந்தது. அது 1962 வரை நீடித்தது. நோயாளியின் அருகே குழல் ஊதத் தெரிந்தவர்களின் அறிவும் அதோடு மறைவுக்குள் போயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிழைப்புத் தேடி மாவோரிகள் நகரத்துக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 1945இல் மாவோரிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவரே நகரவாசி. 1980களில் ஐந்தில் நால்வர். கிராமத்து ‘மராயே’ முற்றத்தில் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டைப் பழகும் வழி அடைபட்டது. கருவிகள் அருங்காட்சியகப் பேழைக்குள் போய்ச் சேர்ந்தன. எப்படி ஊதுவது என்று சொல்ல ஆள் இல்லாமல் போன பூத்தோரினோக்கள் லண்டனிலும் வெலிங்டனிலும் கிடந்தன.

ஆனாலும் சிலர் முன்கூட்டியே விழித்துக்கொண்டார்கள். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அபிரானா நாட்டா ஊர் ஊராகப் பாடல் வரிகளைத் திரட்டினார். ‘நா மோத்தேயாத்தேயா’ தொகுப்பின் முதல் பகுதி 1928இல் வந்தது. அவர் தொடங்கிய பணி பிறர் கைகளில் தொடர்ந்து, ஏறக்குறைய 400 பாடல்கள் கொண்ட நான்கு தொகுதிகளாக நிறைந்தது. 1919 முதல் 1923 வரை அருங்காட்சியகக் குழு ஒன்று மெழுகு உருளைகளில் குரல்களைப் பதிந்தது. 1958இலிருந்து மெர்வின் மெக்லீன் என்ற இசை ஆய்வாளர் ஒலிப்பதிவுக் கருவியுடன் முதியவர்களைத் தேடிப் போனார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் சேர்ந்தன. குலத்தின் பாட்டை அயலாருக்குக் கொடுப்பது வழக்கமில்லை. கற்றுக்கொள்ள இளையவர் இல்லாத நிலையில்தான் பல முதியவர்கள் மனம் இறங்கிப் பாடினார்கள்.

இன்று

திருப்பம் 1980களில் வந்தது. 1982இல் பாத்தேயா என்ற சிற்றூரின் இறைச்சிப் பதப்படுத்தும் ஆலை மூடப்பட்டது. ஊரே வேலை இழந்தது. இசைக்கலைஞர் டால்வேனியஸ் பிரைம், கவிஞர் ஙோய் பேவைராங்கியின் வரிகளுக்கு மெட்டமைத்து, ஊராரையே பாட வைத்தார். பதிவு நிறுவனங்கள் கைவிரித்ததால் தாமே வெளியிட்டார். ‘போய் ஈ’ என்ற அந்தப் பாட்டு 1984இல் நான்கு வாரம் நாட்டின் முதலிடத்தில் நின்றது. கயிற்றில் கட்டிய பந்தைச் சுழற்றும் பழைய ‘போய்’ ஆட்டமும், அன்றைய டிஸ்கோத் தாளமும் அதில் கைகோத்தன. மூன்றாண்டு கழித்து மாவோரி மொழி ஆட்சிமொழி ஆனது.

குழல்களுக்கு மூச்சு கொடுத்தவர்கள் மூவர். தூஹோயே குலத்தில் பிறந்த பேராசிரியரும் பாடலாசிரியருமான ஹிரினி மெல்போர்ன். ஐரோப்பிய வழியினரான ரிச்சர்ட் நன்ஸ். கருவிகளைச் செதுக்கிய பிரையன் ஃபிளின்டாஃப். அருங்காட்சியகப் பேழைகளைத் திறந்து பார்த்தார்கள், அளந்து செய்தார்கள், ஊதிப் பார்த்தார்கள். முக்கியமாக, மராயே முற்றங்களுக்குக் கருவியோடு போனார்கள். ஒலியைக் கேட்டதும் ஒரு முதியவருக்குப் பாட்டனின் நினைவு வரும். இன்னொருவருக்கு ஒரு வரி, வேறொருவருக்கு ஒரு பெயர். அந்தத் துண்டுகளைச் சேர்த்துத்தான் அறுந்த அறிவு மறுபடி கட்டப்பட்டது. 1994இல் வந்த ‘தே கூ தே வே’ இசைத்தட்டு அதன் முதல் பெரிய விளைச்சல். மெல்போர்ன் 2003இலும் நன்ஸ் 2021இலும் காலமானார்கள். அவர்கள் வழியில் வந்த ஹொரோமோனா ஹோரோ போன்றவர்கள் இன்று வாசிக்கிறார்கள், கற்பிக்கிறார்கள்.

அதற்குப் பின் கதவு பல பக்கம் திறந்தது. மாவோரி வழிவந்த இசையமைப்பாளர் கில்லியன் வைட்ஹெட் 1999இல் ‘ஹினே ரவுகத்தவுரி’ என்ற படைப்பை மேலைப் புல்லாங்குழலுக்கும் மாவோரிக் கருவிகளுக்குமாக எழுதினார். புல்லாங்குழலுக்குச் சுரக்குறிப்பு கொடுத்தவர், மாவோரிக் கருவியின் பங்கை வாசிப்பவரின் கற்பனைக்கே விட்டார். 2015இல் தென்தீவைச் சேர்ந்த அரியானா திகாவோ, ஃபிலிப் பிரவுன்லீயுடன் சேர்ந்து மாவோரிக் கருவிகளுக்கென்று முதல் கான்செர்ட்டோவை உருவாக்கினார். கிறைஸ்ட்சர்ச் சிம்பொனி இசைக்குழு அதை வாசித்தது. ‘வாய்’ என்ற குழு ‘போய்’ பந்து உள்ளங்கையில் படும் ஒலியையே தாளமாக்கி 2000இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. ராப் தோர்ன் மேடையில் தன் குழலொலியைப் பதிந்து, அதன்மேல் அடுத்த குழலை அடுக்குகிறார்.

எல்லாவற்றிலும் அதிரடி, ‘ஏலியன் வெப்பன்ரி’. வைப்பூ என்ற சிற்றூரில் வளர்ந்த ஹென்றி, லூயிஸ் டி யோங் சகோதரர்கள் 2010இல் குழு தொடங்கியபோது ஒருவருக்குப் பத்து வயது, மற்றவருக்கு எட்டு. 2018இல் அவர்களின் ‘தூ’ இசைத்தட்டு வந்தது: இரைச்சல் மிகுந்த மெட்டல் இசையில் மாவோரி மொழி. அதில் ஒரு பாட்டு 1864 ஏப்ரல் 29இல் நடந்த புக்கேஹினாஹினா போரைச் சொல்கிறது. ஏறக்குறைய 1,700 பிரிட்டிஷ் படையினரை 230 மாவோரிகள் எதிர்த்து முறியடித்த போர் அது. சகோதரர்களின் மூதாதை தே அஹோவஹோ அங்கே போரிட்டவர். இன்னொரு பாட்டு, நிலத்தைப் பறிக்க வழிசெய்த 1863ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தட்டிக் கேட்கிறது. முன்னோர் பெயர், போர், பறிபோன மண்: பழைய மோத்தேயாத்தேயா சுமந்தது இவற்றைத்தானே!

ஆகவே மின்கிடார் வந்ததால் மரபு கெட்டது என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சாவு விழுந்தால் அந்தச் சாவுக்கு, அவமானம் நேர்ந்தால் அந்த அவமானத்துக்கு என்று அன்றன்றைக்குக் கட்டியவைதான் இன்று பழம்பாடல்கள். கெடுதி வேறு பக்கத்திலிருந்து வருகிறது. குழலின் ஒலியை மட்டும் உருவி, எந்தக் குலம், எந்தப் பாட்டு, எதற்கான ஊதல் என்று கேட்காமல், விளம்பரத்துக்கும் படத்துக்கும் மர்மச் சூழல் கூட்டப் பயன்படுத்தும்போது அந்த ஒலி அநாதையாகிறது. மாவோரிகள் இதற்கு எதிராகச் சட்ட வழியிலும் போராடினார்கள். தங்கள் அறிவுச் செல்வத்தின்மேல் உரிமை கேட்டு 1991இல், மாவோரிகளின் முறையீடுகளை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயத்தில் தொடுத்த முறையீட்டுக்கு 2011இல் அறிக்கை வந்தது. ரக்பி மைதானங்களில் உலகம் பார்க்கும் ‘கா மாத்தே’ என்ற ஹாக்கா ஆட்டப்பாட்டு, ஙாத்தி தோவா குலத் தலைவர் தே ரவுபராஹா இயற்றியது என்பதை 2014இல் ஒரு தனிச் சட்டமே பதிவு செய்தது.

பழமையும் ஒதுங்கிவிடவில்லை. 1972இல் தொடங்கிய தேசிய விழா இன்று ‘தே மாத்தாத்தினி’ என்ற பெயரில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. ஒவ்வொரு குழுவும் ஹாக்காவும் ‘போய்’ ஆட்டமும் ஆடுவதோடு மோத்தேயாத்தேயாவும் பாடியே ஆக வேண்டும். அதே பழைய பாணி: ஒரே மெட்டு, அறுபடாத மூச்சு. விழாவில் அதைப் பாடிப் பழகிய பிள்ளைகளே மறுநாள் கிடாரும் கணினியும் எடுக்கிறார்கள். ஒன்று மற்றொன்றுக்கு ஊட்டம்.

மாவோரி இசையைக் கேட்க விரும்பும் வாசகர்கள் ‘தே கூ தே வே’யில் தொடங்கலாம், பிறகு ‘தூ’வுக்கும் ‘35’க்கும் வரலாம். கேட்டபின் ஒரு வேலை செய்யுங்கள். பாட்டில் வரும் மலையும் ஆறும் போரும் எவை என்று தேடிப் படியுங்கள். அந்தப் பெயர்கள் மறக்கப்படக் கூடாது என்பதற்காகத்தான் அவர்கள் பாடுகிறார்கள்.