கூட்டமில்லாக் கொடையும் வணிகர் கடமையும்

கோயில் திருவிழா ஊருக்கு வழிபாடு. வணிகருக்கு அதுவே ஒரு பருவத்தின் அறுவடை. நமது மாவட்டத்தில் இதற்கு மண்டைக்காடு மாசிக் கொடையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை எனலாம். பெண்கள் இருமுடி கட்டி வருவதால் ‘பெண்களின் சபரிமலை’ என்று பெயர் பெற்ற பகவதி அம்மன் கோயில் இது. இங்கே புற்றே அம்மனாக வணங்கப்படுகிறது. கேரளத்திலிருந்தும் பக்தர்கள் பெருந்திரளாக வருகின்றனர். மாசி மாதத்தின் கடைசிச் செவ்வாயன்று ஒடுக்கு பூஜையுடன் நிறைவுறும் இந்தப் பத்து நாள் விழாவில், பொங்கலுக்கான அரிசி, சர்க்கரை, தேங்காய் முதல் வளையல், பொரி, பேரீச்சம்பழம், விளையாட்டுச் சாமான் வரை எல்லாமே விலைபோகும்.

கொரோனா காலத்தில் இத்தகைய விழாக்கள் என்னவாயின, அதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

2020-ல் திருவனந்தபுரம் ஆற்றுகால் பொங்கல் மார்ச் 9-லும், மண்டைக்காடு ஒடுக்கு பூஜை மார்ச் 10-லும் நடந்தன. மறுநாளே உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 25-ல் நாடு முழுவதும் ஊரடங்கு. ஆகவே மாசிக் கொடை வியாபாரம் தப்பியது. பங்குனி, சித்திரையில் கொடை நடத்தும் ஊர்கள் அகப்பட்டுக் கொண்டன. 2021-லும் அதே கதைதான். மாசிக் கொடை முடிந்து ஒரு மாதம் ஆனதும், ஏப்ரல் 10 முதல் தமிழகத்தில் திருவிழாக்களுக்குத் தடை வந்தது.

ஆனால் மக்கள் விழாவைக் கைவிட்டார்களா? இல்லை. இரண்டு வழிகள் கண்டார்கள். ஒன்று, சடங்கைக் கோயிலுக்குள் முடித்துக்கொள்வது. மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் 4.5.2020 அன்று பக்தர்கள் இன்றி நடந்தது. மக்கள் வீட்டிலிருந்தே நேரலையில் கண்டனர். மற்றொன்று, விழாவை வீட்டுக்குக் கொண்டு வருவது. 27.2.2021 அன்று ஆற்றுகால் அம்மனுக்குப் பெண்கள் தத்தம் வீட்டு வாசலிலேயே பொங்கலிட்டனர்.

இதில் வணிகர் கவனிக்க வேண்டிய செய்தி உண்டு. அடுப்பு வீட்டு வாசலுக்கு வந்தால், அரிசியும் சர்க்கரையும் பக்கத்துக் கடையிலேயே வாங்கப்படும். அதாவது பூஜைச் சாமான், மளிகை வியாபாரம் அழிவதில்லை; இடம் மாறுகிறது. ஆனால் பலூனுக்கும் வளையலுக்கும் பொரிக்கும் கூட்டமே சந்தை. கூட்டம் இல்லையேல் அந்தத் திருவிழாக் கடைக்காரருக்கு ஒரு காசும் இல்லை. அவர் சரக்கைக் கடனுக்கு எடுப்பவர். ‘கொடை முடிந்ததும் தருகிறேன்’ என்பதே அவருடைய பத்திரம்.

வங்கிக் கடன் வாங்கியவருக்கு அப்போது ஓரளவு நிழல் கிடைத்தது. 1.3.2020 முதல் ஆகஸ்ட் 31 வரை தவணைகளைத் தள்ளி வைக்க ரிசர்வ் வங்கி வழி செய்தது. வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மொத்த வியாபாரியின் பேரேட்டில் உள்ள பற்றுக்கோ, கந்து வட்டிக்கோ எந்த ஆணையும் நிழல் தரவில்லை. அங்கே தவணை தருவதும் மறுப்பதும் நம் கையில்தான் இருந்தது. விற்காத சரக்கைத் திருப்பி எடுத்தால் மொத்த வியாபாரிக்குக் கொஞ்சம் நட்டம். எடுக்காவிட்டால் சிறு கடைக்காரருக்கு முழு நட்டம். அடுத்த ஆண்டு அவர் கடை போடாவிட்டால் அந்த வரவும் நமக்கு இல்லை. எனவே இதைத் தருமம் என்று மட்டும் கருத வேண்டாம். நல்ல கணக்கும் இதுதான்.

இனி ஒரு நெருக்கடி வருமுன் நாம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, விழாச் சரக்குக் கொடுக்கும்போதே, விழா தடைப்பட்டால் எவ்வளவு திரும்ப எடுக்கப்படும் என்பதைச் சீட்டில் எழுதிவிடுவது. இரண்டாவது, பொரி போன்ற கெடும் சரக்கை ஒரே தடவையில் இறக்காமல் நாளுக்கு நாள் எடுப்பது. மூன்றாவது, தெருவோர வியாபாரிகளுக்காக 2020 ஜூனில் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதி கடனுக்குத் தகுதியுள்ள சிறு வியாபாரிகளைப் பேரூராட்சி, நகராட்சி அலுவலகங்களுக்கு அழைத்துச் சென்று உதவுவது. ரூ.10,000 ஆக இருந்த முதல் தவணை 2025-ல் ரூ.15,000 ஆக உயர்த்தப்பட்டுள்ளது.

கொடை என்ற சொல்லுக்குக் கொடுப்பது என்பதே பொருள். ஊர் கூடித் தலைக்கட்டு வரி கொடுத்து விழா எடுப்பது நாஞ்சில் நாட்டு வழக்கம். விழா நிற்கும் ஆண்டில் அதன் நட்டத்தையும் அவ்வாறே பங்கிட்டுக்கொள்வது வணிகர்களாகிய நம் கடமை. வணிகப் பெருமக்கள் சிந்திப்பார்களாக!