சுடுகாட்டு மல்லியும் தேவாங்கின் சொந்தமும்

புதுக்கோட்டைப் பக்கம் நித்தியகல்யாணியை யாரும் பார்த்துப் பார்த்து வளர்ப்பதில்லை. ரோட்டோரம், சுடுகாட்டு மதில் ஓரம் என்று அது பாட்டுக்கு ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும். கசப்பு தாங்காமல் ஆடும் வாய் வைக்காது. மழை பொய்த்தாலும் சமாளித்துக்கொள்ளும். சுடுகாட்டு மல்லி என்றும் அதற்குப் பெயர். கல்யாணத்தையும் சுடுகாட்டையும் ஒருசேரப் பெயரில் சுமக்கும் செடி வேறு உண்டா என்ன!

இவ்வளவு நம்மூராகிவிட்ட செடிக்குப் பிறந்த வீடு மடகாஸ்கர். லெமூர் என்ற பிராணிக்கும் அதே தீவுதான்.

லெமூரை நாம் பார்த்ததில்லை, பெயர் மட்டும் பழக்கம். 1864-ல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், மடகாஸ்கருக்கும் இந்தியாவுக்கும் இடையே ஒரு நிலம் கடலில் மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்து, லெமூரை வைத்தே அதற்கு லெமூரியா என்று பெயரிட்டார். நாம் அதைக் குமரிக்கண்டத்தோடு முடிச்சுப் போட்டோம். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்தபின் அறிவியல் அந்த ஊகத்தைக் கைவிட்டது. நம் மேடைகள் கைவிடவில்லை.

அந்தப் பெயருக்குரிய பிராணியின் நிலைமை மோசம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020-ல் கணக்கெடுத்த 107 லெமூர் இனங்களில் 103 அழிவின் அபாயத்தில் இருக்கின்றன. வளையவால் லெமூரும் அதில் அடக்கம். காட்டை எரித்து வயலாக்குகிறார்கள், கரிக்கு மரம் வெட்டுகிறார்கள், கறிக்கும் வேட்டையாடுகிறார்கள். தீவை விட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. செடியோ மனிதன் கையைப் பிடித்துக்கொண்டு உலகம் சுற்றிவிட்டது. 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதில் சர்க்கரை நோய்க்கு மருந்து தேடினார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளணுக்கள் குறைந்தன. அந்தத் தடத்தில் வந்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற மருந்து. அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றப்படுகிறது. டன் கணக்கில் இலை போட்டால் கிராம் கணக்கில் மருந்து.

லெமூருக்கு நம் பக்கம் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு: தேவாங்கு. பூச்சி தின்று பயிரைக் காக்கும் அப்பிராணியை, 'தேவாங்கு மாதிரி முழிக்கிறான்' என்று வசவுக்குத்தான் கூப்பிடுகிறோம். விராலிமலைக்கு மேற்கே, மணப்பாறையும் தாண்டினால் கடவூர். அங்கே கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை 2022-ல் அரசு தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. லெமூர் தாவும், தேவாங்குக்குத் தாவ வராது. ஒரு கிளையை விடாமல் அடுத்ததைப் பிடித்துத்தான் நகரும். அதற்கு நெருங்கிப் பின்னிய முட்காடு வேண்டும். புதுக்கோட்டையில் நாம் வரிசை பிடித்து நட்டிருப்பது தைலமரம்.