வரி பாக்கி என்று நோட்டீசு வந்தால்...

அவர் மாதச் சம்பளக்காரர். சம்பளம் கைக்கு வரும் முன்பே வரியைப் பிடித்துக்கொள்கிறார்கள். வருடம் தவறாமல் கணக்கும் தாக்கல் செய்கிறார். "நமக்கு ஒரு தொல்லையும் இல்லை" என்று நிம்மதியாக இருக்கிறார்.

திடீர் என்று ஒரு நாள் வருமான வரி இலாகாவில் இருந்து தகவல் வருகிறது. "நீங்கள் 38 ஆயிரம் ரூபாய் பாக்கி. 30 நாளில் கட்டுங்கள்!"

அவ்வளவுதான்! அன்று வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

"என்னங்க, நாமதான் ஒழுங்கா கட்டிட்டோமே! வீட்டை ஜப்தி பண்ணிடுவாங்களா?" என்று மனைவி பதறுவார்.

"சத்தம் போடாதே. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்" என்று கணவர் சொல்வார். நோட்டீசு பீரோவுக்குள் போய்விடும்.

இதுதான் தவறு!

அந்த நோட்டீசு கைது வாரண்டு அல்ல. "உங்கள் கணக்கும் எங்கள் கணக்கும் ஒத்துப்போகவில்லை" என்று சொல்லும் கடிதம். நீங்கள் சொன்னது சரியாகவும் இருக்கலாம். இலாகா சொன்னது சரியாகவும் இருக்கலாம். நோட்டீசு வருவதில் அவமானம் இல்லை. பதில் சொல்லாமல் இருப்பதில்தான் ஆபத்து.

ஏன் வருகிறது?

வருமான வரிக் கணக்குகளைச் சரிபார்க்கும் மத்திய நிலையம் பெங்களூரில் இருக்கிறது. அங்கே கணக்குகளைச் சரிபார்ப்பது கம்ப்யூட்டர். ஒரு பக்கம் நீங்கள் கொடுத்த கணக்கு. மறு பக்கம் உங்கள் கம்பெனியும், பாங்கியும் கொடுத்த கணக்கு. இரண்டையும் அது ஒப்பிடுகிறது. வித்தியாசம் இருந்தால், உடனே நோட்டீசு தயார்!

வித்தியாசம் எப்படி வருகிறது? பெரும்பாலும் இப்படித்தான்:

உங்களிடம் பிடித்த வரியை, கம்பெனி வேறு ஒருவருடைய பான் எண்ணில் எழுதி இருக்கும். ஒரு எழுத்து மாறினாலும் போதும். உங்கள் பணம் உங்கள் கணக்கில் வராது.

ஒரே வருடத்தில் 2 கம்பெனிகளில் வேலை பார்த்து இருப்பீர்கள். இரண்டு கம்பெனியும் தனித்தனியே சலுகை கொடுத்து, வரியைக் குறைவாகப் பிடித்து இருக்கும்.

நீங்களே பாங்கியில் வரி கட்டி இருப்பீர்கள். செலானில் வருடத்தை மாற்றி எழுதி இருப்பீர்கள்.

இன்னொன்று, பலரும் ஏமாறும் இடம். அது பாங்கி டெபாசிட் வட்டி. உதாரணமாக, ஒருவருக்கு வட்டி 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாங்கி 10 சதவீதம், அதாவது 12 ஆயிரம் ரூபாய் பிடிக்கிறது. "பாங்கிதான் பிடித்துவிட்டதே" என்று அவர் அந்த வட்டியைக் கணக்கில் காட்டாமல் விட்டுவிடுகிறார். ஆனால் அவருடைய வருமானத்துக்கு உரிய வரி விகிதம் 20 சதவீதம் என்றால், கட்ட வேண்டியது 24 ஆயிரம். மீதி 12 ஆயிரத்தை இலாகா கேட்கும். இங்கே தவறு கம்ப்யூட்டர் மீது இல்லை!

முதலில், நிஜ நோட்டீசா?

பயத்தில் இருப்பவரை ஏமாற்றுவது சுலபம். மோசடிப் பேர்வழிகளுக்கு இது தெரியும். "வரி பாக்கி. இங்கே தொட்டு உடனே பணம் கட்டு" என்று செல்போனுக்குப் பொய்த் தகவல் அனுப்புகிறார்கள்.

ஆகையால், தகவலில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். வருமான வரி இலாகாவின் இணையதளத்தை நீங்களே தேடிப் போங்கள். அதன் முகவரி "ஜிஓவி.இன்" என்று முடியும். உங்களுக்கு உண்மையில் பாக்கி இருந்தால், உங்கள் கணக்கில் அது தெரியும்.

இன்னொரு சோதனையும் உண்டு. 2019 அக்டோபர் 1-ந் தேதி முதல், இலாகா அனுப்பும் கடிதங்களுக்குத் தனி அடையாள எண் கொடுக்கிறார்கள். அந்த எண்ணை இணையதளத்தில் போட்டால், கடிதம் நிஜமா, பொய்யா என்று தெரிந்துவிடும்.

பாங்கி ரகசிய எண்ணையும், செல்போனுக்கு வரும் ஒருமுறை எண்ணையும் இலாகா கேட்காது. கேட்டால், கேட்பவர் திருடர்!

எப்படிப் படிப்பது?

நிஜ நோட்டீசு என்று தெரிந்ததும், கடைசியில் உள்ள தொகையைப் பார்த்து மலைக்காதீர்கள். முதலில் வருடத்தைப் பாருங்கள்.

இதில் ஒரு குழப்பம் உண்டு. 1961-ம் ஆண்டு சட்டப்படி, பணம் சம்பாதித்த வருடம் ஒன்று, கணக்குப் பார்க்கும் வருடம் வேறு. நோட்டீசில் 2024-25 மதிப்பீட்டு ஆண்டு என்று இருந்தால், அது 2023-24-ல் வந்த வருமானம். இந்தக் குழப்பத்தைப் போக்க, 2025-ல் நிறைவேறிய புதிய சட்டத்தில் "வரி ஆண்டு" என்று ஒரே சொல் வைத்தார்கள். அதற்கு 2026 ஏப்ரல் 1-ந் தேதியில் இருந்து அமல். பழைய வருடத்து நோட்டீசுகளைப் பழைய முறையில்தான் படிக்க வேண்டும்.

பிறகு, கட்டங்களைப் பாருங்கள். ஒரு பத்தியில் நீங்கள் கொடுத்த தொகை இருக்கும். பக்கத்துப் பத்தியில் இலாகா போட்ட தொகை இருக்கும். விரலை வைத்து வரி வரியாக இறங்கி வாருங்கள். எந்த இடத்தில் இரண்டு தொகையும் வேறுபடுகிறதோ, அங்கேதான் சிக்கல்! அந்த ஒரு இடத்துக்கு உரிய காகிதத்தைத் தேடினால் போதும்.

என்ன காகிதம்? கம்பெனி கொடுத்த வரிப் பிடித்தச் சான்று, சம்பளச் சீட்டு, பாங்கியின் வட்டிச் சான்று, வரி கட்டிய செலான். உங்கள் பான் எண்ணில் எவ்வளவு வரி சேர்ந்து இருக்கிறது என்ற பட்டியல் இலாகாவின் இணையதளத்திலேயே கிடைக்கும். அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில் சொல்வது எப்படி?

இலாகா சொல்வது சரி என்று தெரிந்தால், 30 நாளுக்குள் கட்டிவிடுங்கள். கெடு தாண்டினால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி ஏறும். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால், கெடு முடியும் முன்பே மனு கொடுத்துத் தவணை கேட்கலாம். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

தவறு என்று தெரிந்தால், இணையதளத்தில் "ஏற்கவில்லை" என்று காரணத்துடன் பதில் போடுங்கள். ஒரு பகுதி மட்டும் தவறு என்றால், அதையும் அப்படியே சொல்லலாம். ஆனால், அவசரப்பட்டு "பாக்கி சரி" என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒப்புக்கொண்ட பிறகு அங்கே மாற்ற முடியாது.

கண்ணுக்குத் தெரியும் தவறு என்றால், திருத்த மனு கொடுக்கலாம். உத்தரவு பிறந்த நிதி ஆண்டு முடிந்து 4 ஆண்டு வரை அதற்கு நேரம் உண்டு. சட்டப் பிரச்சினை என்றால், அப்பீல் செய்ய வேண்டும். அதற்குக் கெடு 30 நாள்தான். இங்கே ஒரு நல்ல ஆடிட்டரைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

கம்பெனி பான் எண்ணைத் தவறாக எழுதி இருந்தால், அதைக் கம்பெனிதான் திருத்திக் கொடுக்க வேண்டும். அதற்கும் காலக்கெடு உண்டு. உடனே எழுத்து மூலம் கேளுங்கள்.

முதலாளி பணத்தைக் கட்டாவிட்டால்?

சம்பளத்தில் வரியைப் பிடித்த முதலாளி, அதைச் சர்க்காருக்குக் கட்டாமல் விட்டுவிட்டார். அதே வரியைத் தொழிலாளி மீண்டும் கட்ட வேண்டுமா?

வேண்டாம்! பிடித்த அளவுக்கு, அதைத் தொழிலாளியிடம் மறுபடியும் கேட்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. 2015 ஜூன் 1-ந் தேதியும், 2016 மார்ச் 11-ந் தேதியும் மத்திய நேரடி வரி வாரியம் தன் அதிகாரிகளுக்கு இதை எழுதி அனுப்பியது. ஆனால், பிடித்தது உண்மை என்று நீங்கள் காட்ட வேண்டும். அப்போது கை கொடுப்பது பழைய சம்பளச் சீட்டுதான்.

ஒரு கடிதம் செய்த வேலை

இப்படிப்பட்ட தொல்லைகள் ஒரு காலத்தில் மலை போல் குவிந்தன. பழைய பாக்கி என்று ஏதோ ஒரு தொகையைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவார்கள். இந்த வருடம் திருப்பித் தரவேண்டிய பணத்தை அந்தப் பாக்கியில் கழித்துவிடுவார்கள். கட்டியவருக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்வது இல்லை.

2012-ல் டெல்லியில் ஒரு ஆடிட்டர், ஐகோர்ட்டுக்கு இதைப் பற்றிக் கடிதம் எழுதினார். ஐகோர்ட்டு அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டது! நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, ஆர்.வி.ஈஸ்வர் ஆகியோர் விசாரித்து, 2013 மார்ச் 14-ந் தேதி தீர்ப்பு கூறினார்கள்.

முன்கூட்டியே நோட்டீசு கொடுத்து, பதிலைக் கேட்காமல் பணத்தைக் கழிக்கக்கூடாது. திருத்த மனுக்களைப் பதிவு செய்து, குறித்த காலத்தில் முடிக்க வேண்டும். இப்படி உத்தரவு போட்டார்கள்.

ஒருவர் எழுதிய கடிதம், லட்சக்கணக்கானவர்களுக்குப் பயன்பட்டது. அவரும் பேசாமல் இருந்து இருந்தால்?

பழைய சின்ன பாக்கிகள்

2024 பிப்ரவரி 1-ந் தேதி, நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் பாராளுமன்றத்தில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். 1962-ம் ஆண்டு பாக்கி கூட இலாகாவின் ஏட்டில் கிடக்கிறது என்றார். 2009-10 நிதி ஆண்டு வரை உள்ள 25 ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட பாக்கிகளும், 2010-11 முதல் 2014-15 வரை உள்ள 10 ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட பாக்கிகளும் விலக்கிக்கொள்ளப்பட்டன. ஒருவருக்கு மொத்தம் 1 லட்சம் ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். இதனால் சுமார் 1 கோடி பேருக்குப் பயன் என்று நிதி மந்திரி சொன்னார்.

உங்கள் பெயரில் பழைய பாக்கி இன்னும் தெரிகிறதா? இந்தச் சலுகைக்கு உட்பட்டதா என்று ஒருமுறை பாருங்கள்.

அப்பா காலமான பிறகு...

சில வீடுகளில் இறந்தவர் பெயருக்கு நோட்டீசு வரும். "அவரே போய்விட்டார். இனி என்ன?" என்று விட்டுவிடக்கூடாது. மகனோ, மனைவியோ இணையதளத்தில் வாரிசு என்று பதிவு செய்து பதில் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம். இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு வரைதான் வாரிசின் பொறுப்பு.

பேசாமல் இருந்தால்?

பதிலே சொல்லாதவர் கதி என்ன? வட்டி ஏறும். அபராதம் வரலாம். அடுத்த வருடம் திரும்பி வரவேண்டிய பணம் கழிந்துபோகும். பாங்கிக் கணக்கில் உள்ள பணத்தைப் பிடித்துக்கொள்ளவும் இலாகாவுக்கு அதிகாரம் இருக்கிறது. 38 ஆயிரத்துக்குப் பயந்து ஒளித்த நோட்டீசு, 50 ஆயிரமாகத் திரும்பி வரும்.

ஆகவே, வருடத்துக்கு ஒரு உறை போடுங்கள். அந்த வருடத்துச் சம்பளச் சீட்டு, வட்டிச் சான்று, செலான், கணக்குத் தாக்கல் செய்த ரசீது எல்லாவற்றையும் அதில் வையுங்கள். உறையின் மேல் வருடத்தைப் பெரிதாக எழுதுங்கள். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரியட்டும். இணையதளத்தில் உள்ள செல்போன் எண் பழையது என்றால், இன்றே மாற்றுங்கள். இல்லாவிட்டால், நோட்டீசு வந்ததே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

கம்ப்யூட்டருக்கு உங்கள் முகம் தெரியாது. உங்கள் நேர்மையும் தெரியாது. நீங்கள் காட்டும் காகிதம்தான் அதற்குத் தெரியும்!