நரம்பிழையின் ஆற்றல் பற்றாக்குறை

மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் (எம்.எஸ்.) என்பது உடலின் எதிர்ப்பு அணுக்களே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மயலின் உறையை அரிக்கும் நோய். மலேசியாவில் இது அரிது. ஆனால் பதிவான நோயாளிகளில் இந்தியர்களின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிடக் கூடுதல். ‘இனிப்பு நீர்’ கதையும் அப்படித்தான்: 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. ஒன்றினால் மற்றொன்று வருகிறது என்பதற்குச் சான்றில்லை. இரண்டும் சந்திப்பது உயிரணுவின் ஆற்றல் கணக்கில்.

உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வு நேர ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. உறை இருக்கும்வரை மின்துடிப்பு அதன் இடைவெளிகளில் தாவிச் செல்லும். அங்கே நுழையும் சோடியத்தை மட்டும் வெளியேற்றினால் போதும். உறை போனபின் சோடியம் இழை நெடுகப் புகுகிறது. வெளியேற்றும் செலவு ஏறுகிறது. அதே வேளையில், அழற்சியில் உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு, ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவை முடக்குகிறது. பற்றாக்குறை நீடித்தால் கால்சியம் நிரம்பி இழையே அழிகிறது. உடல் சூடேறினாலும் உறையிழந்த இழையில் துடிப்பு தடைபடும். வெயிலில் சற்று நடந்ததும் பார்வை மங்குவது, கால் துவளுவது அதனால்தான். கோலாலம்பூர் புழுக்கத்தில் இது சின்னத் தொல்லையில்லை.

எம்.எஸ். நோயாளிகளிடம் நீரிழிவுக்கு வழிவகுக்கும் இன்சுலின் எதிர்ப்புத்தன்மை அதிகமாக இருப்பதைச் சில ஆய்வுகள் கண்டன. அழற்சி, நடமாட்டக் குறைவு, ஸ்டீராய்டு மருந்து ஆகிய ஒவ்வொன்றும் அதைத் தூண்டக்கூடியது என்பதால் எது முந்தியது என்று பிரிப்பது கடினம். 2016இல் அர்ஜென்டினா மருத்துவர்கள், பருமனும் வளர்சிதைக் கோளாறும் உள்ள எம்.எஸ். நோயாளிகளுக்கு நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் அல்லது பையோகிளிட்டசோன் கொடுத்தபோது மூளையில் புதிய புண்கள் குறைந்தன. ஆய்வு சிறியது, நம்பிக்கை தரலாம், முடிவு தராது. பிரிட்டனில் 2023இல் தொடங்கிய ‘ஆக்டோபஸ்’ ஆய்வு, முற்றிவரும் எம்.எஸ்.ஸுக்கு மெட்ஃபார்மின் உதவுமா எனச் சோதிக்கிறது.

இனிப்பு நீர் உள்ள வீட்டில் கால் மரத்துப்போனால் பழி முதலில் அதன்மேல்தான் விழும். நீரிழிவு மரப்பு பொதுவாக இரு பாத விரல்களிலும் தொடங்கி ஆண்டுக்கணக்கில் மேலேறும். எம்.எஸ். மரப்பு சில நாட்களிலேயே பரவும். ஒரு கண் வலியோடு மங்குவதும் உண்டு. எம்.எஸ்.ஸைக் கண்டறிய எம்.ஆர்.ஐ. படம் வேண்டும், சிலருக்கு முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையும். எம்.எஸ். தாக்குதலின்போது சிரை வழியே ஏற்றும் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு இரத்தச் சர்க்கரையைக் கூட்டும். இரண்டு நோயும் உள்ளவருக்கு அந்த நாட்களில் சர்க்கரையை அடிக்கடி அளக்க வேண்டியிருக்கும்.